தவிட்டுக்குக் கொடுத்த மகளை அங்காளம்மா திருப்பித் தந்தாள்

என் மகள் ஐந்து வயது வரை என்னை அம்மா என்று கூப்பிட்டதில்லை. சித்தி என்றுதான் கூப்பிட்டாள்.

அங்காளம்மாவின் வாசலில் என்னைப் போலவே கால் கடுக்க நின்றிருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் ரேவதி. செஞ்சியில் இருக்கிறேன். மலையனூர்த் தாய் எனக்குச் செய்ததை எழுது என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். எழுதலாமா, எழுதினால் வீட்டில் யார் மனமாவது நோகுமா என்று நான்தான் தள்ளிப்போட்டேன். கடைசியில் என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, செல்வி அக்காவிடமே கேட்டேன். “எழுதேன். நான் இன்னா திருடிட்டா போனேன்?” என்றார். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு முதல் இரண்டு கர்ப்பமும் தங்கவில்லை. மூன்றாவதாகப் பிறந்தவள் தமிழினி. மாதம் நிறையாமல் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். கையில் கொடுத்தபோது ஒரு துணி மூட்டையின் கனம்கூட இல்லை. என் மாமியார் அப்போது உயிரோடு இருந்தார். பிள்ளையைப் பார்த்துவிட்டு, இது உன் பிள்ளையாக இருந்தால் நிற்காது, செல்விக்குத் தவிட்டுக்குக் கொடுத்துவிடு என்றார். அக்காவுக்கு இரண்டு பையன்கள். இரண்டு பேரும் காய்ச்சல் என்று ஒரு நாளும் படுத்தவர்கள் இல்லை. அவர் கைராசி அப்படி என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளை தங்காத வீட்டில், பிறந்த குழந்தையை ஒரு முறம் தவிட்டுக்கு இன்னொரு தாய்க்கு விற்றுவிடுவார்கள். பிள்ளை வேறொருத்தியுடையது என்று ஆகிவிட்டால் அதற்கு வரும் கேடு ஏமாந்து போய்விடும் என்பது நம்பிக்கை. பிள்ளை தேறிய பிறகு அதே தெய்வத்தின் முன்னால் அதே போலத் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரை பிள்ளை பெற்றவளை அம்மா என்று கூப்பிடக் கூடாது.

அப்படித்தான் மலையனூரில், அம்மாவின் சந்நிதியில், அக்கா என் முன்னால் ஒரு முறம் தவிட்டை வைத்தார். நான் என் மகளைக் கொடுத்தேன். படித்த பெண் இதையெல்லாம் நம்புவாயா என்று நீங்கள் கேட்கலாம். நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறவள். அன்றைக்கு எதை வேண்டுமானாலும் நம்பியிருப்பேன்.

பிள்ளை தேறினாள். கன்னத்தில் சதை பிடித்தது. மூன்று வயதானதும் திரும்ப வாங்கிக்கொள்வது என்று பேச்சு. அதற்குள் மாமியார் தவறிவிட்டார். அந்த வருடம் வேண்டுதல் எதுவும் செய்யக் கூடாது என்றார்கள். அதற்குப் பிறகு எனக்குத் திண்டிவனத்தில் வேலை கிடைத்தது. காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் வீடு வருவேன். நாள் பார்க்க வேண்டியவர் இல்லாததால் நாளும் பார்க்கவில்லை. பிள்ளை அக்காவிடமே வளர்ந்தாள். அக்காவை அம்மா என்றாள். என் வீட்டுக்காரரின் அண்ணனை நைனா என்றாள். என் வீட்டுக்காரர் சித்தப்பா, நான் சித்தி.

ஒரே வீடு. கீழே அவர்கள், மாடியில் நாங்கள். அதனால் நான் ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்க வேண்டியிருந்தது.

அக்கா ஊட்டினால் சாப்பிடுவாள். நான் ஊட்டினால் வாயில் வைத்துக்கொண்டே இருப்பாள். அக்கா மாட்டுக்குத் தவிடு கரைக்கும்போது கூடவே உட்கார்ந்து கையை விட்டுக் கலக்குவாள். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்பதால் அக்கா அவளைத் தவுட்டு என்றுதான் கூப்பிடுவார். தமிழினி என்று நான் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். தவுட்டு என்றால் தெருமுனையிலிருந்து ஓடி வருவாள். தூங்கும்போது அக்காவின் காது மடலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளை மாடிக்குத் தூக்கி வந்து, என் கம்மலைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்தில் படுத்து, அவள் கையை எடுத்து என் காதில் வைத்தேன். தடவிப் பார்த்தாள். “இது சின்னது சித்தி” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

எனக்கு அன்றைக்கு வந்த கோபத்துக்குப் பெயர் பொறாமை என்பது அப்போதே தெரியும். ஒரு வாய் சோறு ஊட்டாமல் நான் வேலைக்குப் போகிறேன், அவர் பார்த்துக்கொள்கிறார், இதில் பொறாமைப்பட எனக்கு என்ன யோக்கியதை என்றும் யோசிப்பேன். அடுத்த நிமிடமே, பெற்றது நான்தானே என்று தோன்றும். இப்படி மாறி மாறி யோசித்தே என் உடம்பு இளைத்துப் போனது.

ஆஸ்திரேலியாவுக்கு நிரந்தரமாகப் போக விண்ணப்பம் போடலாம் என்று முதலில் சொன்னது நான்தான். என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். விழுப்புரம் ரோட்டில் ஒரு கடையில் வேலை. இரண்டு பேருக்கும் அங்கே நல்ல வேலை கிடைக்கும், பிள்ளை நன்றாகப் படிப்பாள் என்றெல்லாம் அவரிடம் சொன்னேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் உங்களிடம் மறைக்க மாட்டேன். அந்த நாட்டில் செல்வி அக்கா இருக்க மாட்டார் என்பதுதான் என் மனதில் முதலில் வந்த காரணம். அங்கே போய்விட்டால் பிள்ளைக்குப் பிடித்துக்கொண்டு தூங்க என் காது ஒன்றுதான் இருக்கும்.

ஆங்கிலத் தேர்வுக்குப் படித்தேன். பேசிப் பழக வேண்டும் என்று மாடியில் தனியாக நடந்துகொண்டே ஆங்கிலத்தில் பேசுவேன். அக்கா கீழேயிருந்து, “சித்தி சுவத்துக்கிட்ட சண்ட போடுது, வா போய்ப் பாக்கலாம்” என்று பிள்ளையை அழைத்து வந்து வேடிக்கை காட்டுவார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. சிரியுங்கள், கொஞ்ச நாள்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

தேர்வில் தேறினேன். என் படிப்பையும் அனுபவத்தையும் சரி என்று ஏற்றுக்கொண்டார்கள். விண்ணப்பம் போடலாம் என்று அழைப்பும் வந்தது. பாண்டிச்சேரியில் ஒரு ஏஜென்ட் மூலமாகப் போட்டோம். அங்கே ஒரு பெண் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கேள்வியாகப் படிக்க, நான் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். பிள்ளையைப் பற்றிய பக்கத்தில் ஒரு கேள்வி வந்தது. இந்தப் பிள்ளையை வளர்க்கவோ, அது எங்கே வாழ வேண்டும் என்று முடிவு செய்யவோ, உங்களைத் தவிர வேறு யாருக்காவது உரிமை இருக்கிறதா?

அந்தப் பெண், “நோ போட்டுட்டு அடுத்த பக்கம் போலாம் மேடம்” என்றாள். நான் கையை நீட்டி நிறுத்தினேன்.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே, பொய்யான தகவல் கொடுத்தால் விசா கிடைக்காது, பிறகும் பல வருடம் விண்ணப்பிக்க முடியாது என்று எழுதியிருந்தது. நான் சிறு வயதிலிருந்தே அப்படி. வகுப்பில் யார் பேசியது என்று டீச்சர் கேட்டால், பேசாத நான் எழுந்து நிற்பேன். தெய்வத்தின் முன்னால் கொடுத்த பிள்ளையை இன்னும் திரும்ப வாங்கவில்லை. அப்படியானால் உரிமை யாருக்கு? நோ என்று போட்டால் பொய்யாகாதா? நாளைக்கு யாராவது பிள்ளையிடம் உன் அம்மா யார் என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? ஒரு நாள் அவகாசம் கேட்டேன். மறுநாள் லேபில் வேலை செய்துகொண்டே அதையே யோசித்தேன். பிறகு ஏஜென்ட் பெண்ணுக்கு போன் செய்து, ஆமாம் என்று போடச் சொன்னேன். கூடவே விளக்கமும் எழுதி அனுப்பினேன். எங்கள் வழக்கப்படி கோயிலில் வைத்து, ஒரு முறம் தவிட்டுக்கு, இந்தப் பிள்ளையை என் கணவரின் அண்ணன் மனைவி செல்விக்குக் கொடுத்துவிட்டோம், அவர்தான் இன்றுவரை தாயாக இருந்து வளர்க்கிறார், இன்னும் நாங்கள் திரும்ப வாங்கவில்லை என்று எழுதினேன்.

என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, “தவுட்டுக்கு இங்கிலீஷ்ல இன்னான்னு போட்டிருக்கற?” என்று கேட்டார். சொன்னேன். “மாட்டுக்கு வெக்கிறதான்னு அந்த ஆபீசர் திருப்பிக் கேப்பாரு, பாரு” என்று சிரித்தார். பிறகு அண்ணன், அண்ணியிடமும் சொல்லிச் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை என்பது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

அடுத்த மாதம் சென்னையில் மூன்று பேருக்கும் மருத்துவப் பரிசோதனை. டாக்டர் பிள்ளையின் நெஞ்சில் கருவியை வைக்கப் போனார். அவள் அழுதாள். அழாதே, அம்மா எங்கே என்று கேட்டார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். “அம்மா வீட்டுல மாட்டுக்குத் தண்ணி காட்டுறாங்க” என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். கடைசியில் அக்காவுக்கு வீடியோ கால் போட்டு, அக்கா போனில் “தவுட்டு, மூச்ச இழு” என்று சொன்ன பிறகுதான் மூச்சை இழுத்தாள். அந்த அறையில் ஒரு வேலையும் இல்லாமல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான்.

ஆனியில் ஏஜென்டிடமிருந்து போன் வந்தது. நோ போடச் சொன்னேன் அல்லவா மேடம் என்றுதான் அந்தப் பெண் ஆரம்பித்தாள். விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. செல்வி என்பவர் இந்தப் பிள்ளையை அழைத்துப் போகச் சம்மதிக்கிறார் என்று அவர் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்ட பத்திரம் வேண்டும். ஒரு மாதத்துக்குள் வர வேண்டும். இல்லையென்றால் பிள்ளைக்கு விசா கிடையாது.

ஆசைப்பட்டு நான் ஓடிப்போக நினைத்தது யாரை விட்டு? அவரிடமே கையெழுத்துக்குப் போய் நிற்க வேண்டியதாகிவிட்டது.

செஞ்சி கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வக்கீல் ஒருவர் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அக்கா தொழுவத்தில் இருந்தார். என் வீட்டுக்காரர் அங்கேயே நின்று படித்துக் காட்டினார். மேற்படி குழந்தையின் மேல் எனக்கு எந்த உரிமையும் இல்லை, எந்தக் காலத்திலும் இருந்ததும் இல்லை என்று அதில் இருந்தது. அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

“எந்தக் காலத்துலயும் இல்லன்னு எழுதியிருக்குதே. நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? அம்மா முன்னாடி வாங்கின புள்ள.”

“பெத்தது நான் அக்கா” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

“நான் இன்னா இல்லன்னா சொன்னேன்? பெத்தது நீதான். பொழச்சது என் கையில.”

அக்கா மாட்டைத் தடவிக்கொண்டு நின்றார். நாங்கள் பத்திரத்தை மடித்துக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டோம்.

அன்றிலிருந்து எனக்கும் அக்காவுக்கும் பேச்சு இல்லை. பிள்ளைதான் நடுவில் ஓடினாள். “சித்தி, அம்மா கொழம்பு வேணுமான்னு கேக்கச் சொன்னாங்க.” வேண்டாம் என்று சொல்லச் சொல்வேன். என் வீட்டுக்காரர் அண்ணனிடம் பேசினார். அண்ணன், “அது மனசுல இன்னா இருக்குதுன்னு எனக்கே தெரியலடா” என்று சொல்லிவிட்டாராம். நாள் போய்க்கொண்டே இருந்தது. பிள்ளையை அவரிடமே விட்டுவிட்டு நாங்கள் மட்டும் போய்விடலாமா, பிறகு அழைத்துக்கொள்ளலாமா என்று என் வீட்டுக்காரர் ஒரு முறை வாய் தவறிக் கேட்டார். நான் இரண்டு நாள் அவருக்குச் சோறு போடவில்லை. போகவே வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். விட்டால் இவள் காலம் முழுக்க அந்தக் காதைப் பிடித்துக்கொண்டே தூங்குவாள் என்று தோன்றும். மறுபடி அழுவேன்.

கடிதத்தில் கொடுத்த கெடு முடியும் வாரத்தில் ஆடி வெள்ளி வந்தது. டூட்டிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ்ஸை விட்டுவிட்டு மலையனூர் பஸ்ஸில் ஏறினேன். யாரும் லேபுக்குக் கூப்பிட்டுக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று போனையும் அணைத்துவிட்டேன்.

ஆடி வெள்ளியில் மலையனூர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பிகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து போகும் வரிசையில் நின்றேன். எல்லோரும் கையில் எலுமிச்சை மாலையும் பாலும் வைத்திருந்தார்கள். நான் ஒன்றும் வாங்கவில்லை. மனதுக்குள் வேண்டிக்கொண்டே நின்றேன். நான் என்ன வேண்டினேன் என்று அப்படியே எழுதுகிறேன். தாயே, அக்கா மனதை உடை. கையெழுத்துப் போட வை. என் பிள்ளை மனதிலிருந்து அவரைத் துடைத்து எடு. அவள் வாயில் என்னை மட்டும் அம்மா என்று வரச்செய். நான் கேட்டது இவ்வளவுதான். நல்ல வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை.

கண்ணைத் திறந்து பார்த்தால், எனக்கு முன்னால் இரண்டு வளைவு தாண்டி ஒரு பச்சைப் புடவை. இடுப்பில் என் பிள்ளை. கையில் ஒரு மஞ்சள் பை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இங்கேயும் எனக்கு முன்னால் வந்து நிற்கிறாரே என்று நினைத்தேன். நான் கேட்பதற்கு முன்னால் அம்மாவின் காதில் போட்டுவிடுவார். அவருக்கும் அம்மாவுக்கும் ஏற்கெனவே பழக்கம். என் பேச்சு எங்கே எடுபடும்? தெய்வத்தின் காதுக்கும்கூடப் பொறாமைப்பட்டவள் நான்.

வரிசை நகர்ந்தது. வளைவில் அவர் திரும்பி வந்தபோது கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா ரேவதி, திண்டிவனத்த இங்க தூக்கிக்கினு வந்துட்டாங்களா?”

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். “பையில இன்னா அக்கா?” என்று மட்டும் கேட்டேன்.

“தவுடு.”

வரிசை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவர் அந்தப் பக்கம் போனார். நான் இந்தப் பக்கம் போனேன். தவிடு! எதற்குத் தவிடு? பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, தவிட்டையும் எடுத்துக்கொண்டு, என்னிடம் சொல்லாமல் வந்திருக்கிறார் என்றால், இன்னொரு முறை அம்மா முன்னால் வைத்து, இவள் என்னுடையவள்தான் என்று முடிச்சுப்போட வந்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. வரிசையை இடித்துக்கொண்டு முன்னால் போகவா என்று பார்த்தேன். கம்பி விடவில்லை.

அடுத்த வளைவில் மறுபடி எதிரெதிரே வந்தோம். பிள்ளை நெளிந்துகொண்டிருந்தாள். அக்கா ஒன்றும் யோசிக்கவில்லை. அவளைக் கம்பிக்கு மேலே தூக்கி என்னிடம் நீட்டினார்.

“புடி. ஒண்ணுக்கு வருதாம். நீ கூட்டிக்கினு போ.”

வாங்கிக்கொண்டு கீழே குனிந்து வரிசையை விட்டு வெளியே வந்தேன். என் இடம் போய்விட்டது. அது அப்போது உறைக்கவில்லை. பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டார், இப்படியே பஸ் ஏறிவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அவளை ஓரமாக உட்கார வைத்துக் கால் கழுவிவிட்ட பிறகு, என்ன செய்வது என்று தெரியாமல் போனை உயிர்ப்பித்தேன். என் வீட்டுக்காரர் எத்தனையோ முறை கூப்பிட்டிருந்தார். நான் கூப்பிட்டேன்.

“எங்கதான் இருக்கற? நீ பஸ் ஏறப் போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அண்ணி மேல வந்துச்சு. இன்னிக்கே மலையனூர்ல புள்ளய அவகிட்ட வித்துடணும், அவள எப்படியாவது வரச் சொல்லுன்னு சொல்லிட்டு, தவுட்ட எடுத்துக்கினு கெளம்பிடுச்சு. உனக்கு போன் போட்டுப் போட்டு என் கை வலிக்குது. நான் பத்திரத்த எடுத்துக்கினு பின்னாலயே வரேன்.”

அன்பானவர்களே, நான் அங்கே நின்று யோசித்தேன். வரிசையில் நின்று நான் அந்தக் கசப்பான வேண்டுதலைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பதில் எனக்கு இரண்டு வளைவு முன்னால் மஞ்சள் பையோடு நின்றுகொண்டிருந்தது. நான் கேட்டு முடிக்கும் வரைகூட அங்காளம்மா காத்திருக்கவில்லை. முதலில் பஸ் ஏறியது நான். வரிசையில் முன்னால் நின்றது பதில்.

திரும்பிப் பார்த்தேன். அக்காவும் வரிசையை விட்டு வெளியே வந்து, என்னைத் தேடிக்கொண்டு பையோடு நடந்து வந்தார். சந்நிதிக்கு அவ்வளவு பக்கத்தில் போனவர்.

“ஏன் அக்கா வந்துட்டீங்க?”

“நீ இல்லாம நான் யாருக்கு விக்கிறது? சாமிக்கா?”

இரண்டு பேரும் பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றோம். அந்த வரிசையில்தான் அவர் சொன்னார். நாலு மாதமாக அவரும் அம்மாவிடம் வேண்டிக்கொண்டுதான் இருந்தாராம். பிள்ளை இங்கேயே இருக்கட்டும், ரேவதிக்கு விசா வராமல் போகட்டும் என்று. எனக்கு அதைக் கேட்டதும் கோபம் வரவில்லை. அவருக்கும் என்னைப் பார்த்துப் பொறாமையா என்று ஆச்சரியமாக இருந்தது. நீ பெற்றவள், ஒரு நாள் வந்து கேட்டால் கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்று பிள்ளை கையில் வந்த நாளிலிருந்தே பயந்தாராம்.

“அப்புறம் ஏன் அக்கா?”

அக்கா பிள்ளையின் தலையில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டார்.

“அந்த ஏஜென்ட் பொண்ணு இல்லன்னு போடச் சொல்லுச்சாமே. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்களாம். நீ போடலியே. வேற தேசத்து கவர்மெண்டுக்கு, செல்வி கையிலதான் புள்ள இருக்குது, அவதான் தாயா இருந்து வளக்கறான்னு எழுதிக் குடுத்திருக்கற. எந்த ஊர்ல எவ எழுதுவா? உன் வீட்டுக்காரர் சிரிச்சாரு. எனக்கு அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல. கெடு முடியப் போவுதுன்னதும் அதுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு.”

என்னால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. எனக்கு உரியதல்லாத ஒன்றை வாங்கிக்கொள்வது போல இருந்தது. “நான் பயத்துல எழுதினேன் அக்கா. பொய் சொன்னா விசா போயிடும்னு எழுதினேன்” என்றேன்.

“தெரியும்டி. பயத்துல எழுதினாலும் எழுதினது நீதானே.”

சந்நிதிக்கு வந்துவிட்டோம். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வாங்குகிறவள் நான். தவிடு நான் அல்லவா கொண்டுவந்திருக்க வேண்டும்? விற்கிறவர் எதற்குத் தவிட்டைச் சுமந்து வந்தார்? கேட்டேன்.

“நீ கைய வீசிக்கினு வருவன்னு எனக்குத் தெரியாதா? படிச்சவ.”

பூசைக் கடைக்கார அம்மாவிடம் ஒரு முறம் இரவல் வாங்கினோம். அக்கா தன் பையிலிருந்த தவிட்டை என் முந்தானையில் கொட்டினார். அதை நான் முறத்தில் கொட்டி அவர் முன்னால் வைத்தேன். அவர் பிள்ளையைத் தூக்கி, ஒரு முறை நெஞ்சோடு அணைத்து, என் கையில் வைத்தார். பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. தவிட்டில் கை விட்டுக் கலக்கப் பார்த்தாள். பூசாரி எங்கள் மூன்று பேர் நெற்றியிலும் குங்குமம் வைத்தார். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கேட்க எதுவும் மீதி இல்லை. அழுதேன்.

“இனிமே இவதான் உன் அம்மா” என்று அக்கா பிள்ளையிடம் சொன்னார்.

“அப்போ நீ?”

அக்கா என்னைப் பார்த்தார். “பெரியம்மா” என்று நான் சொன்னேன். “பெரிய அம்மா.”

என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்ததும் மூன்று பேரும் பிள்ளையோடு செஞ்சிக்குத் திரும்பினோம். பஸ்ஸில் பிள்ளை என் மடியில் தூங்கிப்போனாள். தூக்கத்தில் கையைத் தூக்கிக் காதைத் தேடினாள். பக்கத்து சீட்டில் அக்கா இருந்தார். என் பொறாமை அன்றோடு போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். அந்த நேரத்திலும் சுருக்கென்றது. ஆனால் நான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன், அவள் கை எட்டட்டும் என்று.

அன்று சாயங்காலமே வக்கீலிடம் போனோம். எந்தக் காலத்திலும் உரிமை இருந்ததில்லை என்ற வரியை எடுக்கச் சொன்னேன். இருந்தது, ஆடி வெள்ளியன்று கோயிலில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், பிள்ளை பெற்றோருடன் போகச் சம்மதிக்கிறேன் என்று எழுதச் சொன்னேன். இப்படியெல்லாம் எழுதினால் மேலும் கேள்வி வரும் என்று அவர் தயங்கினார். நடந்தது அதுதான் சார் என்றேன். அக்கா எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். கெடு முடிவதற்குள் பத்திரம் போய்ச் சேர்ந்தது. மேலும் ஒரு கேள்வியும் வரவில்லை. ஐப்பசியில் மூன்று பேருக்கும் விசா வந்தது.

பிள்ளை உடனே மாறிவிடவில்லை. கொஞ்ச நாள் சித்தியம்மா என்றாள். கார்த்திகை தீபத்தன்று, கையில் மத்தாப்புப் பொறி பட்டுவிட்டது. அம்மா என்று அலறிக்கொண்டு ஓடி வந்தாள். நானும் அக்காவும் அடுத்தடுத்து நின்றிருந்தோம். என்னிடம் வந்தாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு, அவசரமாக அக்காவின் முகத்தைத்தான் பார்த்தேன். அவர் தண்ணீர் எடுத்துவர ஓடிவிட்டார்.

அடுத்த மாதம் கிளம்புகிறோம். நேற்று பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா ஒரு மஞ்சள் துணியில் ஒரு பிடி தவிட்டை முடிந்து கொண்டுவந்து வைத்தார். கோயிலில் நான் கொடுத்ததில் மாட்டுக்கு வைத்தது போக மிச்சம் என்றார். அந்த நாட்டுக்குள் தானியம், தவிடு, விதை எதையும் சொல்லாமல் கொண்டுபோகக் கூடாது அக்கா, ஏர்போர்ட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும், பிடுங்கிக்கூட வைத்துக்கொள்வார்கள் என்றேன்.

“எழுதிக் குடு” என்றார். “அதான் நீ எல்லாத்தையும் எழுதிக் குடுப்பியே.”

பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறேன். உள்ளே விட்டால் கொண்டுபோவேன். விடாவிட்டாலும், செல்வி என்று ஒருவர் இருக்கிறார் என்று அந்த நாட்டுக்கு இன்னொரு முறை எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது, எனக்கு இருந்தது போல மனம் முழுக்க எரிச்சல் இருக்கலாம். இந்த மனதோடு எப்படிச் சாமி முன்னால் போவது என்று தயங்கலாம். தயங்காதீர்கள். சுத்தமான வார்த்தை வரும் வரை காத்திருக்காதீர்கள். எரிச்சலோடே பஸ் ஏறுங்கள், வெறுங்கையோடே வரிசையில் நில்லுங்கள். நீங்கள் கொண்டுவர மறந்ததையும் யார் கையிலாவது கொடுத்து அங்காளம்மா உங்களுக்கு முன்னால் அனுப்பி வைத்திருப்பாள்.